ஒரு தகர வில்லையும் ஒரு பழைய லயமும்



இலங்கைப் பயணப் படங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் பேசினீர்கள். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, கண்டி ஏரி எல்லாம் அழகுதான். ஆனால் அந்த ஆறு நாளில் என்னை அதிகம் பாதித்த இடத்தின் படத்தை நான் இன்னும் போடவில்லை. போடுவதற்கு முன் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. பதிவு நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

1986-ம் ஆண்டு. பந்தலூர்ப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம். அன்றைக்குப் பாடம் பிரெஞ்சுப் புரட்சி. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கையில் எதையோ வைத்துப் பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகரம். மேலே ஓர் ஓட்டை. எழுத்தும் எண்ணும் பதித்திருந்தது. "என்னடா இது?" என்றேன். "தாத்தாவோட அப்பா சிலோனுக்குப் போனப்ப கழுத்துல கட்டிவிட்டது சார். ஆயா பெட்டியில இருந்துச்சு. வரலாறு பீரியடுன்னுதான் எடுத்து வந்தேன்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உள்ளே வை."

வகுப்பு சிரித்தது. அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நான் பாஸ்டில் சிறைக்குத் திரும்பிப் போனேன்.

உறவினர்களில் பலருக்கு அந்தப் பிள்ளைகள் யார் என்று தெரியாது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. அந்த மீதியையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. பிறகு அதுவே 'டான்டீ' என்ற கழகம் ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி என்று நம் பள்ளிக்குப் பிள்ளைகள் வந்த ஊர்களெல்லாம் அப்படி நிரம்பியவை. அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. கடைத்தெருவில் 'சிலோன்காரன்'. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். ஆசிரியர் அறையிலும் அந்தப் பேச்சு இருந்தது. நான் மறுத்துப் பேசியதாக நினைவில்லை.

அந்தத் தகரம் என்ன என்பது எனக்குப் பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில்தான் தெரிந்தது. துரைமார்கள் அதை 'டின் டிக்கெட்' என்பார்கள். 1900-களின் தொடக்கத்தில் வந்த முறை. தோட்டத்துக்கு ஒரு குறி, ஆளுக்கு ஓர் எண். ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி, சேர்த்த ஆள் ஒவ்வொருவருக்கும் இதைக் கொடுப்பான். அதை மாட்டியிருந்தால் வழியில் காசு கேட்க மாட்டார்கள். தட்டப்பாறை, மண்டபம் முகாம்களில் தடுப்புக்காவல், மருத்துவச் சோதனை, பிறகு கப்பல், ரயில் என்று தோட்டம்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். இலவசம் என்று நினைத்தால் ஏமாந்தோம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் கங்காணியின் கணக்கில் ஏற்றும். கங்காணி அந்த ஆளின் தலையில் ஏற்றுவான். மண்வெட்டியைத் தொடும் முன்பே ஆள் கடனாளி. பார்சலில் விலாசம் ஒட்டுவதைப் போல மனிதன் கழுத்தில் கட்டிய விலாசம் அது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நூற்றாண்டு வரலாறு என் மேஜைக்கு வந்தது. நான் அதைப் பைக்குள் போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். என்னை அழைத்துப் போனவனே அந்த மாணவன்தான். இப்போது ஐம்பதைத் தாண்டியவன், கோவையில் சொந்தத் தொழில். கம்பளை அருகே ஒரு தோட்டத்தில் அவன் சித்தப்பா குடும்பம் இன்னும் இருக்கிறது. அவர்களைப் பார்க்கப் போகும்போது, "நீங்களும் வாங்க சார், உங்களுக்கு வரலாறு புடிக்குமே" என்றான். என் செலவையும் சேர்த்து அவனே பார்த்துக்கொண்டான். அது வேறு எனக்குக் கூச்சம்.

முதலில் கண்டிக்கு மேலே ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். பழைய தொழிற்சாலைக் கட்டடம். கொழுந்தை அரைக்கும் இயந்திரங்களைத் துடைத்து அழகாக வைத்திருக்கிறார்கள். 1867-ல் லூல்கந்துரையில் முதன்முதலாக வணிக அளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் நினைவுப் பொருட்களும் அங்கே உண்டு. நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். வெளியே வந்ததும் மாணவன் கேட்டான்: "மெஷின் இருக்கு, துரை இருக்காரு. கொழுந்து எடுத்தவங்க எங்க சார்?"

அதற்குப் பதில் கம்பளைப் பக்கம் பாரதெக்கவில் இருந்தது. கண்டியில் இருக்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற அமைப்பு 2007-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அது. பெரிய கட்டடத்தைத் தேடிப் போகாதீர்கள். தோட்டத்துக்குள் ஒரு பழைய லயம், அவ்வளவுதான். லயம் என்பது வரிசை வீடு. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி அறைகள். ஓர் அறைக்குக் காம்பரா என்று பெயர். பெரும்பாலும் 10-க்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனாலும் அதே காம்பராதான், நடுவில் ஒரு சேலை கட்டிக்கொள்வார்கள். அந்த மாதிரி லயத்தையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. அங்கே முதல் காட்சிப் பொருள் அந்தக் கட்டடமே.

அந்த இடத்துக்கும் பொருத்தம் உண்டு. 1820-களில் இதே கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் காப்பித் தோட்டம் போட்டார். தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு ஆள் போன கதை அங்கிருந்துதான் கணக்கிடப்படுகிறது. 2023-ல் 200 ஆண்டு நிறைவு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே போனார்களே, அது அந்தக் கணக்குத்தான். அந்தக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பியில் இலைத்துரு நோய் கண்டது. சில வருஷங்களில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பி, பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் ஆள் கேட்கும். தேயிலைக்கு வருஷம் முழுவதும் கை வேண்டும். போய் வந்துகொண்டிருந்தவர்கள் அங்கேயே குடும்பமாகத் தங்கிப்போனது அதனால்தான்.

உள்ளே இருப்பவை எல்லாம் நாம் வீட்டில் பார்த்த மாதிரிச் சாமான்கள்தான். அம்மி, பாத்திரம், நகை, வேலைக் கருவி, தப்பு, பழைய காகிதம், புகைப்படம். தங்கமோ சிலையோ கிடையாது. அவசரமாக நடந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. காரணம், மாணவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தான். எல்லாம் அவன் ஆயா சொன்னது.

கவ்வாத்துக் கத்தியைப் பார்த்ததும் தன் இடது கையை நீட்டி, "தாத்தாவுக்கு இங்க ரெண்டு விரல் நுனி இருக்காது சார்" என்றான். சில வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டாவிட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதியும். அந்தத் தழும்பு அவன் ஆயாவுக்குச் சாகும்வரை இருந்ததாம். கம்பளி என்றால் நமக்குப் போர்த்திக்கொள்வது. அங்கே அது மழைக்கோட்டும்கூட. தலையிலிருந்து போட்டுக்கொண்டு மலையில் நிற்பார்கள். தோட்டமே கொடுக்கும், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்.

தப்பைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதைச் சாவுக்கும் சாமிக்கும் அடிப்பதாகத்தான் தெரியும். தோட்டத்தில் விடியும் முன் தப்படித்துத்தான் ஆட்களை எழுப்பினார்கள். எழுந்து பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அங்கே பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. அதாவது கூலி இல்லை. அதே தப்பை அடித்துத்தான் இரவில் காமன்கூத்து ஆடினார்கள். ஒரே தோல், காலையில் துரைக்கு, இரவில் தங்களுக்கு.

காகிதங்கள் இருந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். இந்த மக்களின் வாழ்க்கையை எப்போதும் ஏதோ ஒரு காகிதம் ஆட்டிவைத்திருக்கிறது. முதலில் 'துண்டு'. ஒரு கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவர்கள் கடன் எவ்வளவு என்று பழைய துரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அந்தக் கடனைக் கட்டும் துரைதான் அவர்களை எடுத்துக்கொள்ள முடியும். ஆளை விற்றார்கள் என்று சொன்னால் கோபப்படுவார்கள், கடனை விற்றோம் என்பார்கள். 1921-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது.

பிறகு 1948. சுதந்திரம் வந்த வருஷமே இலங்கையில் 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் இங்கே பிறந்தான், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றார்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிந்தது யார்? இலட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. அங்கே அதை முழுதாகச் சரிசெய்யும் சட்டம் வந்தது 2003-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 55 வருஷம்.

அதனால்தான் அந்தக் குடும்பங்களில் நகையைவிடக் காகிதத்தைப் பத்திரமாக வைப்பார்கள். உங்களில் பலருடைய வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். ஜாதிச் சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்க வரும்போது, உங்கள் அப்பாமார்கள் நாலைந்து பாலிதீன் பை பிரித்து, உள்ளேயிருந்து குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் எடுப்பார்கள். "பார்த்து சார், கிழிஞ்சிடும்" என்பார்கள். ஏன் அத்தனை பயம் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

கடைசியாக அடுப்பு. லயத்தின் அடுப்பும் புகைபடிந்த சுவரும். மாணவன் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். நான் வெளியே இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நாலு வயசுல இந்த மாதிரி ஒரு காம்பராவுல இருந்துதான் சார் கெளம்புனோம். எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லன்னு நெனச்சிருந்தேன். அந்தப் புகை வாசனை ஞாபகம் இருக்கு" என்றான்.

எத்தனையோ வருஷமாகக் கேட்காமல் இருந்ததை அப்போதுதான் கேட்டேன். "அந்தத் தகரம் இருக்காப்பா?"

"இல்ல சார். பழைய பித்தளைப் பாத்திரத்தோட சேத்து, பிளாஸ்டிக் குடத்துக்காக அம்மா யாவாரிகிட்ட போட்டுட்டாங்க. நான் பிளஸ் ஒன் படிக்கிறப்ப. எனக்கும் அது ஒண்ணும் பெருசாத் தெரியல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "இருந்திருந்தா இங்க குடுத்திருக்கலாம்."

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டான். அவனுக்கு அது நினைவே இல்லை! அந்தத் தகரத்தை வகுப்புக்குக் கொண்டு வந்ததே மறந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இன்னும் கனமாகத்தான் இருந்தது. ஆசிரியர் உள்ளே வை என்றதும் பிள்ளை பைக்குள் மட்டும் வைக்கவில்லை.

பாரதெக்கவைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். அரசர்களின் பொருளை அரசாங்கம் காப்பாற்றும். துரையின் இயந்திரத்தைத் தொழில் காப்பாற்றும். கூலிக்கு உழைத்தவரின் கத்தியையும் கம்பளியையும் காப்பாற்ற அவர் பிள்ளைகளை விட்டால் ஆள் கிடையாது. அங்கே சிலர் லயம் லயமாகக் கேட்டு, இது குப்பை இல்லை என்று எடுத்து வைத்ததால் அது இருக்கிறது. நீலகிரிக்கு வந்தவர்களின் பெட்டிகளில் இருந்தது எங்கே போனது? பாதி பாத்திர வியாபாரியிடம், பாதி மழையில் ஊறி அடுப்புக்கு. மீதி இன்னும் உங்கள் பரண்களில் இருக்கலாம்.

உறவினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. துறையூரில் என் அப்பாயி, "கண்டிச் சீமைக்குப் போன எங்கண்ணன்" என்று ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஒரே ஒரு கடிதம் வந்ததாம், அதற்குப் பிறகு தகவல் இல்லையாம். பெயரைக்கூட நாங்கள் யாரும் சரியாகக் கேட்டு வைக்கவில்லை. பாரதெக்கவில் அந்தச் சாமான்களைப் பார்க்கும்போதெல்லாம், இதில் எதையாவது அவர் தொட்டிருப்பாரோ என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. பெரிய வீட்டு மரப்பெட்டியில் பழைய கடிதக் கட்டு இருந்ததே, அது யாரிடம் இருக்கிறது? தயவுசெய்து பாருங்கள்.

இனி வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் இந்தப் பழக்கம் போகவில்லை.

பழைய சாமான் ஏதாவது இருந்தால், அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, வெளிர் நிறத் துணியில் வைத்துப் படம் எடுங்கள். ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம், எப்போது எப்படி வந்தது, எதற்குப் பயன்பட்டது. இந்தத் தாள் இல்லாவிட்டால் கத்தி வெறும் கத்திதான். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் பதித்த பெயரும் சேர்ந்து தேய்ந்துவிடும். காகிதத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை வருஷம் போகப் போகக் காகிதத்தைத் தின்றுவிடும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் எழுபது எண்பது வயதுக்காரர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் பதிவு செய்துகொண்டு கேளுங்கள். பெட்டி காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

எடுத்த படங்களையும் எழுதியதையும் எனக்கு அனுப்புங்கள். எனக்கு இப்போது நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஊர் வாரியாக, தோட்ட வாரியாக ஒரு நோட்டில் பதிந்து வைக்கிறேன். பிறகு அது எங்கே சேர வேண்டும் என்று எல்லோரும் பேசி முடிவு செய்யலாம். முதல் பக்கத்தில் ஒரு வரி ஏற்கெனவே எழுதிவிட்டேன். 'தகர வில்லை ஒன்று. 1986-ல் ஒன்பதாம் வகுப்பில் பார்த்தது. இப்போது இல்லை.' அதில் பதித்திருந்த எண் என்ன என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. அன்று அந்த வகுப்பில் இருந்த யாருக்காவது நினைவிருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்